தங்கை வீட்டுக்காரர் கிராஃப்ட் பீர் பிரியர்: 2,500 ரூபாய்க்குள் என்ன பரிசு வாங்கலாம்?

தண்டையார்பேட்டை_தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இந்த விஷயத்தில் அ, ஆ கூடத் தெரியாது, அதனால்தான் கேட்கிறேன்.

தங்கை வீட்டுக்காரர் பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் இருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்தால் பின்னாலே, சின்ன அளவில் கிராஃப்ட் பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற ஏதாவது ஒரு புரூவரியின் சத்தம் கேட்கும். குடிகாரர் இல்லை. ஒரு கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டு அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுகிற ரகம். போன தடவை நான் போயிருந்தபோது, "இதுல ஆரஞ்சுத் தோல் வாசம் வருது பாருங்க மச்சான்" என்று மூக்குக்கு நேராக நீட்டினார். நான் குடிப்பதில்லை. மரியாதைக்கு மோந்து பார்த்துவிட்டு "ஆமாம் மாப்பிள்ளை" என்று தலையாட்டி வைத்தேன்.

அடுத்த மாதம் அவருக்குப் பிறந்தநாள். தங்கையோடு இங்கே வருகிறார். பரிசு என் கையால் கொடுக்க வேண்டும், அதுவும் வீட்டுக் கூடத்தில் அம்மா முன்னால் பிரிப்பார்கள். அம்மாவுக்கு விஷயம் தெரியும், ஆனால் பாட்டில் கண்ணில் பட்டால் முகம் மாறிவிடும். அப்புறம், சென்ட்ரலில் ரயிலேறித் திரும்பிப் போகிறவர், பெரிய சாமானும் கூடாது. பட்ஜெட் 2,500 ரூபாய். ஆன்லைனில் தேடினால் துப்பாக்கி மாதிரி ஓப்பனர், இடுப்பில் ஆறு கேன் சொருகுகிற பெல்ட், வாசகம் போட்ட டி-ஷர்ட்டுதான் வருகிறது. அவரைப் பார்த்தால் அந்த மாதிரி ஆள் இல்லை. உருப்படியாக ஏதாவது சொல்லுங்கள்.


பேசின்பிரிட்ஜ்_பாபு:

வாத்யாரே, இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா? தொப்பியில் ரெண்டு பக்கமும் கேன் வைத்து ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற ஐட்டம் இருக்கிறது, அதை வாங்கிக் கொடுங்கள். கூடத்தில் போட்டுக் காட்டினால் அம்மாவே சிரித்துவிடுவார். இல்லையென்றால் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற கிட். பட்ஜெட் கொஞ்சம் ஏறும், ஆனால் மாப்பிள்ளை ஆயுசுக்கும் உங்களை மறக்க மாட்டார்.


பட்டறைக்காரன்:

தம்பி, பாபு சொன்ன தொப்பியை மறந்துவிடுங்கள். ரெண்டாவது சொன்னதையும் மறந்துவிடுங்கள், அதற்குக் காரணம் வேறே. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அவர் இருப்பது கர்நாடகம்தானே என்றால், அங்கேயும் லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சக் கூடாது. பரிசு கொடுத்து மாப்பிள்ளையை வக்கீல் வீட்டு வாசலில் நிறுத்துவானேன்? பாண்டிச்சேரியில் நல்ல பாட்டிலாக நாலு வாங்கிவரலாம் என்று அடுத்து யாராவது எழுதுவார்கள், அதையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் பிறந்தநாள் அங்கேயே முடிந்துவிடும்.

நான் வியாசர்பாடியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். பெங்களூரில் மைக்ரோபுரூவரிகள் வர ஆரம்பித்த காலத்தில், அவர்களுக்கு டேங்கு செய்கிற ஒரு பார்ட்டிக்கு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாய் இணைப்புகளான ஃபெருலும் யூனியனும் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். சாமானைப் பொருத்திக் காட்டப் போகும்போது டேங்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆகவே குடிக்கிறவன் கண்ணாலும் பார்க்கிறேன், இரும்பு கடைகிறவன் கண்ணாலும் பார்க்கிறேன். என் கணக்கு இதுதான்: "பீர்" என்று எழுதியிருக்கிற சாமானை வாங்காதீர்கள், பீருக்கு ஏதாவது வேலை செய்கிற சாமானை வாங்குங்கள். உங்கள் மாப்பிள்ளை மாதிரி ஆட்களுக்கு டி-ஷர்ட் பத்து வந்திருக்கும். பீரைக் கெடுக்கிற விஷயம் மூன்று: சூடு, வெளிச்சம், அழுக்கு கிளாஸ். இந்த மூன்றில் ஒன்றைத் தடுக்கிற சாமான் எதுவானாலும் அவர் தினமும் கையில் எடுப்பார்.

முதலில் சூடு. நம்ம பக்கம், அதுவும் கடலோரமாக இருக்கிற ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூரில், ஜில்லென்ற கேனை வெளியே எடுத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் குளித்துவிட்டு வந்த மாதிரி நிற்கும். அந்த வியர்வை பார்க்க அழகு, விளம்பரத்தில் காட்டுவார்கள். ஆனால் காற்றிலிருக்கிற நீராவி கேன் மேல் தண்ணீராக மாறும்போது தன்னிடமிருக்கிற சூட்டைக் கேனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மாறுகிறது. பிளஸ் டூ பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்திருப்பீர்கள், அதேதான். ஒரு கிராம் தண்ணீருக்குச் சுமார் 2.4 கிலோஜூல். 330 மில்லி கேனில் 5 கிராம் வியர்த்து, அந்தச் சூடு முழுக்க உள்ளே இறங்கினால், பீர் 8, 9 டிகிரி ஏறிவிடும். 5 கிராம் என்றால் ஒரு டீஸ்பூன்! பெங்களூரில் இவ்வளவு வியர்க்காது, அங்கே காற்று காய்ந்தது. இங்கே வந்தால்தான் அவருக்கு இது தெரியும்.

இதற்கு நியோபிரீன் ஸ்லீவ் இருக்கிறது. கடலில் முங்குகிறவர்கள் போடுகிற உடையின் துணி, கேனுக்குச் சட்டை மாதிரி தைத்தது. சில நூறு ரூபாய்தான். கையின் சூட்டைத் தடுப்பது ரெண்டாம் பட்சம், வியர்க்க விடாமல் செய்வதுதான் இதன் பெரிய வேலை. வாங்கும்போது அளவு பாருங்கள்: சாதாரணக் கேன் சுமார் 66 மி.மீ. விட்டம், ஒல்லிக் கேன் 58 மி.மீ. சுற்றி. ஒல்லிக்கு வாங்கினால் குண்டு நுழையாது. குண்டுக்கு வாங்கினால் ஒல்லி லொடலொடவென்று ஆடும், நடுவில் காற்று புகுந்து வாங்கியதே வீண். எதில் குடிப்பார் என்று தங்கையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெளிச்சம். பச்சை பாட்டிலையும் வெள்ளை பாட்டிலையும் மொட்டை மாடி வெயிலில் வைத்தால் நிமிஷக் கணக்கில் ஒரு நாற்றம் கிளம்பும். பீருக்குக் கசப்பும் வாசமும் கொடுக்கிற ஹாப்ஸ் என்கிற பூவின் கசப்புச் சத்து வெளிச்சத்தில் உடைந்து கந்தகம் கலந்த வேறொரு பொருளாகிறது. பழுப்பு பாட்டில் அதற்காகத்தான் பழுப்பு. ஸ்லீவ் இதற்கும் கொஞ்சம் உதவும். அவ்வளவுதான், இதற்கென்று தனிச் சாமான் வேண்டாம்.

கிளாஸ் பற்றி விவரமான ஆள் யாராவது எழுதினால் நல்லது. எனக்கு எஸ்.எஸ். தெரிந்த அளவுக்குக் கண்ணாடி தெரியாது.

விளையாட்டுச் சாமான் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுக்குத்தான் என் ஓட்டு: அல்ட்ராசோனிக் நுரைக் கருவி. சின்னத் தட்டு மாதிரி இருக்கும், பேட்டரியில் ஓடும். மேலே ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு கிளாஸை வைத்து பட்டனை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அதிர்வில் பீரில் கரைந்திருக்கிற வாயு பொடிப்பொடிக் குமிழியாகக் கிளம்பி மேலே வெண்ணெய் போல நிற்கும். கின்னஸ் பீர் கம்பெனிக்காரன் 1988-ல் கேனுக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டைப் போட்டு நைட்ரஜனை வைத்துச் செய்த வேலையை, இது கார்பன் டை ஆக்சைடை வைத்து வெளியிலிருந்து செய்கிறது. சாதாரண லாகர், அதாவது எங்கும் கிடைக்கிற வெளிர் மஞ்சள் பீர், கூட இதில் பார்க்க கம்பீரமாகிவிடும். ஆனால் வாயு சீக்கிரம் போய்விடும், மெதுவாகக் குடிக்கிற ஆளுக்குக் கடைசியில் சப்பென்று இருக்கும். உங்கள் மாப்பிள்ளை ஒரு மணி நேரம் பேசுகிறவர் என்கிறீர்கள், யோசித்து வாங்குங்கள்.

சரி, நான் கொடுப்பதாக இருந்தால் என்ன கொடுப்பேன்? பீர் கம்பி. ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் குளிர்காலத்தில் இரும்புக் கம்பியை நெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) தூக்கலான, பாக் என்கிற கெட்டி பீருக்குள் முக்குவார்கள். சுர்ரென்று ஒரு சத்தம், நுரை பொங்கி எழும். கம்பி பட்ட இடத்தில் பீரிலிருக்கிற சர்க்கரை கருகி, பாகு காய்ச்சுகிற வாசனை வரும். நுரை வெதுவெதுப்பாகவும் அடியில் பீர் ஜில்லென்றும் இருக்கும். ரெண்டும் ஒரே வாயில் வரும்போது ஆள் சிரித்துவிடுவான். வெளிநாட்டுக்காரன் இதை மரப்பெட்டியில் வைத்து விற்கிறான், வரியும் கப்பல் கூலியும் சேர்த்தால் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். நமக்கு எதற்கு? இந்த ஊரில் கம்பிக்கா பஞ்சம்!


காலடிப்பேட்டை_கலா:

பட்டறை அண்ணா கண்ணாடியை எனக்கு விட்டுவைத்திருக்கிறார், நன்றி. நான் பெங்களூரில் ஒரு ஹோட்டலில் பெவரேஜ் பிரிவில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊருக்கே வந்துவிட்டேன்.

கம்பி ஒரு சாயங்காலத்துக்கு நல்ல வேடிக்கை, மறுக்கவில்லை. ஆனால் வாசத்தைப் பற்றிப் பேசுகிற ஆளுக்கு கிளாஸ்தான் பரிசு. பார்களில் கொடுக்கிற நேர்ச்சுவர் டம்ளரில் வாசம் தங்காது. வயிறு அகலமாக, வாய் குறுகலாக இருந்தால் மேலே வாசம் கூடி நிற்கும். டேகு என்று ஒரு கிளாஸ் உண்டு. இத்தாலியில் பீர் காய்ச்சுகிற டியோ முஸ்ஸோவும் பீர் ருசி பார்க்கிற லொரென்ஸோ டபோவேயும் சேர்ந்து 2006-ல் வடிவமைத்தது, ரஸ்டால் கம்பெனி செய்கிறது. கோணம் கோணமாக, நீளக் காலோடு இருக்கும். பீர் பைத்தியம் பிடித்தவர்கள் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஐ.பி.ஏ. என்கிற, ஹாப்ஸ் தூக்கலான கசப்பு பீருக்கென்றே ஸ்பீகலாவ் கம்பெனி 2013-ல் ஒன்று கொண்டுவந்தது, அடிப்பாகம் வரிவரியாக இருக்கும். ஒவ்வொரு வாய் குடித்துக் கீழே வைக்கும்போதும் பீர் அந்த வரிகளில் மோதி நுரை புதிதாகக் கிளம்பும். கோதுமை பீருக்கு அரை லிட்டர் உயர கிளாஸ். ஜெர்மனியின் கொலோன் நகரத்து கோல்ஷ் பீருக்கு 200 மில்லி குச்சி கிளாஸ்.

இவற்றில் ஒன்று, ஒன்றே ஒன்று, வாங்குங்கள். ஆறு வாங்கினால் ரயிலில் மூன்றுதான் போய்ச் சேரும். நான் ஆன்லைனில் வரவழைத்தது பெட்டியைத் தூக்கும்போதே கலகலவென்றது. திருப்பி அனுப்பி, பணம் வருவதற்குள் எனக்கு வயசாகிவிட்டது. அதனால் நேரில் பார்த்து வாங்குவதையே விரும்புகிறேன். பாரிமுனையில் தேவராஜ முதலி தெருப் பக்கம் கண்ணாடிக் கடைகளில் கேட்டால் துலிப் வடிவ கிளாஸ் கிடைக்கலாம், ஒயின் கிளாஸ் என்று சொல்லித்தான் எடுத்துத் தருவார்கள். பெயர் எதுவானாலும் வடிவம் சரியாக இருந்தால் போதும். விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். உருட்டி விட்ட மாதிரி தடித்திருந்தால் வேண்டாம், மெல்லிசாக வெட்டியிருந்தால் எடுங்கள்.

அம்மா முன்னால் பிரிப்பது பற்றி: கால் வைத்த கிளாஸ் எந்த வீட்டு ஷோகேஸிலும் இருக்கிறது, யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று. கிளாஸோடு ஒரு புது ஸ்பாஞ்சும், பாட்டில் பிரஷும், காயவைக்க ஒரு சின்ன ஸ்டாண்டும் வைத்துக் கொடுங்கள். சிரிக்காதீர்கள். கிளாஸ் மாளிகையில் செய்ததாக இருந்தாலும், மீன் குழம்புச் சட்டி தேய்த்த நாரில் தேய்த்தால் நுரை நிற்காது. எண்ணெய்ப் பிசுக்கு நுரைக்கு எமன். சோதித்துப் பார்ப்பது சுலபம்: கழுவிய கிளாஸின் உள்பக்கத்தை ஈரத்தோடு வைத்து உப்பைத் தூவுங்கள். எங்கும் சீராக ஒட்டினால் சுத்தம், திட்டுத் திட்டாக விட்டுப்போன இடத்தில் பிசுக்கு இருக்கிறது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்ததும் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது. சுத்தமான கிளாஸில் குடித்தால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நுரை வளையம் சுவரில் ஒட்டி நிற்கும், கோலம் போட்டது போல. அதை உங்கள் மாப்பிள்ளை நிச்சயம் போட்டோ எடுப்பார்.

ஃப்ரீஸரில் வைக்கிற ஜெல் மக் மட்டும் வாங்கிவிடாதீர்கள், பரிசுக் கடையில் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். அவ்வளவு ஜில்லில் நாக்கு மரத்துவிடும், வாசம் எழும்பாது. லாகர் 4, 5 டிகிரியில் குடிக்கலாம். பழ வாசம் தூக்கலான ஏல் வகை 8, 10. கறுப்பு நிற ஸ்டௌட் இன்னும் கொஞ்சம் மேலே, 12 வரை போகலாம். பனி பிடித்த கிளாஸில் ஊற்றினால் பாதி நுரையாகத்தான் வழியும்.


பேசின்பிரிட்ஜ்_பாபு:

அக்கா சொன்னதைப் படித்ததும் எங்கள் வீட்டு கிளாஸ்களில் உப்புத் தூவிப் பார்த்தேன். ரிசல்ட் வேண்டாம்.

பட்டறை அண்ணே, ஒரு சந்தேகம். 5 டிகிரி, 10 டிகிரி என்று யார் அளப்பது? அப்புறம் மாப்பிள்ளை வருகிற அன்றைக்குக் கரண்ட் போய்விட்டால்?


பட்டறைக்காரன்:

கலாம்மா சொன்னதில் ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன். உப்புச் சோதனை எனக்கே புதுசு.

பாபு, நீ கேட்டதற்கு ரெண்டு பதிலும் நம்ம ஏரியாவிலேயே இருக்கிறது. கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்குப் போ. மீன் தொட்டிக்கு மாட்டுகிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் தொங்கும். சின்ன டிஸ்பிளே, நீள வயர், முனையில் ஒரு சென்சார். விலை ஒரு பிரியாணிக்குக் கீழேதான். புதுசாக வாங்கிக் கழுவி, வயரின் முனையை ஐஸ் தண்ணீரிலோ ஃப்ரிட்ஜ் தட்டிலோ போட்டு வைத்தால் கதவைத் திறக்காமலே டிகிரி தெரியும். பீர் தெர்மாமீட்டர் என்று பட்டை போட்டு விற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கரண்ட் போனால் காசிமேட்டு முறை. மீன் பேக்கிங் பண்ணுகிற தெர்மாகோல் பெட்டி, புதுசு, ஒன்று. உடைத்த ஐஸ் பாதி, தண்ணீர் பாதி, மேலே ரெண்டு கை கல்லுப்பு. வெறும் ஐஸ் கட்டிக்கு நடுவே கேனை வைத்தால் அங்கங்கே தொடும், நடுவில் காற்றுதான். தண்ணீர் இருந்தால் சுற்றிலும் ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். உப்பு போட்டால் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயும் உறையாது. கேனை அதில் விட்டு அவ்வப்போது உருட்டிக் கொடுத்தால் கால் மணி நேரத்தில் தயார், ஃப்ரீஸர் தோற்றுவிடும். கேனைச் சுழற்றிச் சுழற்றிக் குளிர வைக்கிற மிஷின் ஒன்று வெளிநாட்டில் விற்கிறார்கள், அதிலும் தத்துவம் இதே உருட்டல்தான். ஆனால் போட்டுவிட்டுப் பேச்சில் மறந்துவிடாதே. 5 சதவீத பீர் மைனஸ் 2, 3 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும், பாட்டிலாக இருந்தால் வெடிக்கும். மீனுக்குப் போடுகிற ஐஸ் குடிக்கிற ஐஸ் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேனைத் துடைத்துவிட்டுத் திற.


தண்டையார்பேட்டை_தம்பி:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. கலா அக்கா, கிளாஸும் ஸ்பாஞ்சும் குறித்துக்கொண்டேன். பட்டறை அண்ணே, எனக்கு அந்தக் கம்பி மேல்தான் மனசு போகிறது, ஆனால் ஆபத்து இல்லையா? கிளாஸ் விரிசல் விடாதா? இன்னொரு கேள்வி: அவரிடம் ரெண்டு லிட்டர் எஸ்.எஸ். குடுவை இருக்கிறது, மூடி போட்டது, கிரௌலரோ என்னவோ சொன்னார். அதற்கு ஏதாவது துணைச் சாமான் உண்டா?


பட்டறைக்காரன்:

கிரௌலர்தான், புரூவரியிலிருந்து பீரை வீட்டுக்கு நிரப்பிக்கொண்டு போகிற குடுவை. அமெரிக்க அளவில் 64 அவுன்ஸ், நம் கணக்கில் 1.9 லிட்டர். அதற்குத் துணைச் சாமான் என்றால் சின்ன கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்த மூடி. குழாயைத் திருகினால் பார் மாதிரியே வரும், மிச்சம் இருக்கிற பீரும் கெடாது. ஆனால் அது உங்கள் பட்ஜெட்டில் வராது. அவருடைய குடுவைக்குத் திரெட் பொருந்துமா என்பதும் பார்க்காமல் சொல்ல முடியாது. பாட்டில் பிரஷ் நீளமாக ஒன்று வாங்குங்கள், கலாம்மா லிஸ்டிலேயே இருக்கிறது. வாய் குறுகலான குடுவையில் அடியைக் கழுவ முடியாமல் எல்லோரும் திண்டாடுகிறார்கள்.

இப்போது கம்பிக்கு வருகிறேன். 304 கிரேடு எஸ்.எஸ். ராடு, 10 மி.மீ. தடிமன், ஒன்றரை அடி நீளம். கடையில் கால்வனைஸ் பண்ணிய கம்பியைக் குறைந்த விலைக்குத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அது கூடவே கூடாது. துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையும், குடிக்கிற பொருளில் படக் கூடாது. ராடின் முனையை லேத்தில் பிடித்து அரை உருண்டையாகக் கடைய வேண்டும். கூர் இருந்தால் கிளாஸின் அடியில் குத்தும், விளிம்பு விட்டால் அதில் கருகல் ஒட்டும். கடைந்ததும் எமரி ஷீட் பிடித்து, அப்புறம் பஃபிங். மறுமுனையில் திரெட் போட்டு மரப்பிடி. பிடிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு வாஷர், சூடு ஏறினாலும் கை வழுக்கி முன்னால் போகாமல் இருக்க. முதல் தடவை காய்ச்சியதும் பளபளப்பு போய்த் தங்கம், நீலம், கத்தரிப்பூ நிறமாக ஒரு வானவில் ஏறும். சிலர் அதைத் தேய்த்து எடுக்கப் பார்ப்பார்கள். எடுக்காதீர்கள், எனக்கு அதுதான் அழகு.

ஆபத்து உண்டுதான். மெல்லிசான டேகு கிளாஸில் இதைச் செய்யக் கூடாது. தடித்த பீங்கான் மக்கு, இல்லை எஸ்.எஸ். டம்ளர். முக்கால் பாகம்தான் ஊற்ற வேண்டும், பொங்கும். கம்பி சுவரிலும் அடியிலும் படாமல் நடுவில் ரெண்டு மூன்று விநாடி, அவ்வளவே. பக்கத்தில் குழந்தைகள் இருக்கக் கூடாது. முதல் ரவுண்டுக்கு அப்புறம் கம்பி பிடிக்கிறவர் குடிக்காதவராக இருந்தால் உத்தமம், அந்த வேலைக்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது தம்பி. கசப்பு அதிகமான ஐ.பி.ஏ.வில் முக்கினால் நன்றாக இருக்காது. கறுப்பு, பழுப்பு நிற பீர், மால்ட் தூக்கலாக இருப்பது, அதில்தான் முக்க வேண்டும். பெங்களூரில் அவருக்குத் தாராளமாகக் கிடைக்கும்.

அம்மா கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பது உங்கள் பாடு. பார்க்க அடுப்புக் கிளறுகிற கம்பி மாதிரிதான் இருக்கும்.

இதோடு இன்னொன்று சேர்த்தால் பரிசு முழுசாகிவிடும், செலவும் இல்லை. வாசப் பெட்டி. பெரிய புரூவரிகளில் ருசி பார்க்கிறவர்களைப் பழக்க, வாசனைக் காப்ஸ்யூல் கிட் வைத்திருப்பார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றும். நீங்கள் கொத்தவால்சாவடியில் ஒரு நடை நடங்கள். அஞ்சறைப் பெட்டிக்குள் அடங்குகிற அளவில் சின்னச் சின்னக் கண்ணாடிச் சீசாக்கள் எடுத்து, ஒன்றில் கொத்தமல்லி விதை, ஒன்றில் காய்ந்த ஆரஞ்சுத் தோல் போடுங்கள். பெல்ஜியத்தின் விட்பியர் என்கிற கோதுமை பீரில் இந்த ரெண்டையும் நிஜமாகவே போட்டுத்தான் காய்ச்சுகிறார்கள். அவர் உங்கள் மூக்குக்கு நீட்டியது அதுவாகத்தான் இருக்கும். இன்னொன்றில் கிராம்பு. ஜெர்மன் கோதுமை பீரில் கிராம்பு வாசமும் வாழைப்பழ வாசமும் வரும், ஆனால் அவன் ரெண்டையும் போடுவதில்லை, ஈஸ்ட்டே அதை உண்டாக்கிவிடுகிறது. வாழைப்பழத்துக்கு வாசம் கொடுக்கிற ஐசோஅமைல் அசிடேட் என்கிற அதே பொருள்தான் பீரிலும் இருக்கிறது. நாலாவதில் கறுக்க வறுத்த காப்பிக்கொட்டை, ஸ்டௌட்டுக்கு. ஐந்தாவதில் ஹாப்ஸ் பெல்லட், ஆன்லைனில் சின்ன பாக்கெட்டாகக் கிடைக்கிறது, விற்பதில் தடை ஒன்றும் இல்லை. உள்ளங்கையில் ரெண்டு உருண்டையைத் தேய்த்து மோந்தால் அன்றைக்கு முழுக்கக் கை மணக்கும்.

இதை அம்மா முன்னால் தைரியமாகப் பிரிக்கலாம். ரசப்பொடிக்குச் சாமான் என்று நினைத்து, மிளகு எங்கே என்று கேட்பார்.


காலடிப்பேட்டை_கலா:

வாசப் பெட்டி அருமையான யோசனை அண்ணா, நாங்கள் பயிற்சியில் கிட்டத்தட்ட இதையேதான் செய்தோம். தம்பிக்கு ஒரு சின்ன மாற்றம்: ஹாப்ஸ் சீசா காற்றுப் புகாததாக இருக்கட்டும், ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். வெளியே கிடந்தால் கொஞ்ச நாளில் சீஸ் நாற்றம் வந்துவிடும்.

முடிந்தால் ஆண்டர்சன் தெருவில் நல்ல தாளாகப் பார்த்து ஒரு கையடக்க நோட்டு பைண்டு பண்ணிக் கூடவே வையுங்கள். பீர் பெயர், எங்கே குடித்தது, நிறம், நுரை, வாசம் என்று நாலைந்து வரி எழுத இடம் விட்டால் போதும். போனில் பதிகிற ஆப் எல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருக்கும்தான். ஆனாலும் பேசிக்கொண்டே இருக்கிற ஆட்களுக்கு எழுதவும் பிடிக்கும்.


பேசின்பிரிட்ஜ்_பாபு:

என் பங்குக்கு ஒன்று, இந்தத் தடவை சீரியஸாகவே சொல்கிறேன். கோலி சோடா பாட்டில். அந்தக் கழுத்து வடிவத்துக்கு ஹைரம் காட் என்ற இங்கிலீஷ்காரர் 1872-ல் காப்புரிமை வாங்கியிருக்கிறார். பாட்டில் பிரியர்கள் ஷெல்ஃபில் வைக்கத் துடிப்பார்கள். கோலியை உள்ளே தள்ளுகிற மரக்கட்டையும் சேர்த்துக் கொடுங்கள். சோடா பாட்டில்தானே, அம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.


பட்டறைக்காரன்:

பாபு உருப்பட்டுவிட்டான்.

ஓப்பனர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் 1892-ல் கண்டுபிடித்த அதே மூடிதான் இன்றைக்கும், பல் மட்டும் 24-லிருந்து 21 ஆகிவிட்டது. அதைத் திறக்கத் துப்பாக்கி வடிவம் எல்லாம் தேவையில்லை. பார்க்காரர்கள் வைத்திருக்கிற பட்டையான எஸ்.எஸ். ஓப்பனர் ஒன்று வாங்கி, மிண்ட் தெருப் பக்கம் எந்தப் பாத்திரக் கடையிலாவது கொடுத்துப் பெயர் வெட்டச் சொல்லுங்கள். கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் வெட்டுகிற அதே மிஷின். டர்ர்ர் என்று புள்ளி புள்ளியாக எழுத்து விழும், இன்ஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து, தேதியும் போட்டுத் தருவார்கள். லேசரில் அடித்த எழுத்து அதற்கு உறை போடக் காணாது. மாப்பிள்ளை பெயரைப் போட்டு, கீழே "அன்பளிப்பு" என்று வெட்டி உங்கள் பெயரையும் போடுங்கள். பெங்களூரில் அவருடைய நண்பர்கள் கூட்டத்தில் அந்த மாதிரி ஓப்பனர் யாரிடமும் இருக்காது.


தண்டையார்பேட்டை_தம்பி:

முடிவு பண்ணிவிட்டேன். கம்பி, வாசப் பெட்டி, பெயர் வெட்டிய ஓப்பனர். துலிப் கிளாஸ் ஒன்று, பட்ஜெட்டில் மிச்சம் இருந்தால். ஸ்பாஞ்சை மட்டும் தங்கையிடம் தனியாகக் கொடுத்துவிடுகிறேன், கூடத்தில் பிரித்தால் என்னைச் சுட்டுவிடுவாள். அண்ணே, ராடு நான் வாங்கிக்கொண்டு வந்தால் கடைந்து தருவீர்களா? கூலி எவ்வளவு?


பட்டறைக்காரன்:

வாருங்கள் தம்பி. ஸ்கிராப் கடையில் ராடு வாங்கினால் ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் ஒட்டிப் பாருங்கள். 304 ஆக இருந்தால் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான் இழுக்கும். கப்பென்று பிடித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிடிக்குத் தேக்குத் துண்டு என்னிடமே கிடக்கிறது. கூலிக்குப் பதிலாக, கம்பியை முக்கும்போது அந்தச் சுர்ரென்கிற சத்தத்தோடு ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேலே வாருங்கள், காலையில் கம்பெனி வேலை ஓடும்.